மகளோடு ஓடிய வருடங்கள்

நான் உடற்பயிற்சி ஆசிரியர். என்னைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பார்க்காத நீங்களும் சிரிக்கலாம், தடையில்லை. கல்முனையில் ஒரு பாடசாலையில் பதினெட்டு வருடம் விசில் ஊதினேன். வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கதிரை, கதிரையில் நான், என் மடியில் என் வயிறு, வாயில் விசில். ஒரு தரம் ஊதினால் பிள்ளைகள் ஓடுவார்கள், இரண்டு தரம் ஊதினால் நிற்பார்கள். வெயில் நகர நகர நிழலோடு கதிரையையும் நகர்த்துவேன். அதுதான் நான் செய்த உடற்பயிற்சி.

அப்படிப்பட்டவனின் மகளைத்தான், தினமும் ஓட வேண்டும் என்று கொழும்பில் ஒரு டொக்டர் சொன்னார். ஒன்பது வயதுப் பிள்ளை தனியாக ஓடாது. யாராவது கூட ஓட வேண்டும்.

அவளுக்கு முன்பு எங்களுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, இரண்டும் மௌத்தாகிவிட்டன. மூத்தது ஐந்து மாதத்தில் போனது, அடுத்தது எட்டு மாதத்தில். இரண்டுக்கும் நெஞ்சு நிறையச் சளி. குடித்தது உடம்பில் ஒட்டாது, வயிற்றால் எண்ணெய்போலப் போகும். ஆஸ்பத்திரித் துண்டில் சளிக்காய்ச்சல் என்று எழுதியிருந்தது. என் மனைவி மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள்.

"இஞ்சாருங்க, புள்ளைய முத்தினா உப்புக் கரிக்கிது."

"கடற்கரைப் புள்ள பின்ன சீனியாட்டமா இனிக்கும்?" என்பேன் நான்.

வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். மூன்று பிள்ளைகளுக்கும் இதே பகிடியைத்தான் சொன்னேன். நல்ல பகிடி ஒன்று அகப்பட்டால் லேசில் கைவிடுகிற ஆள் நானில்லை.

மூன்றாவது பிள்ளை தப்பி வளர்ந்தாள். வளர்ந்தாள் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். ஒன்பது வயதில் ஆறு வயதுப் பிள்ளையின் உயரம். எந்த நேரமும் இருமல். கசம், ஒட்டுகிற காசநோய் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. வகுப்பில் அவள் உட்காரும் வாங்கில் அவளைத் தவிர யாரும் இருப்பதில்லை. கசம் இல்லை என்று மூன்று தரம் சோதித்துச் சொன்ன பிறகும் வாங்கு நிறையவில்லை. கடைசியில் ஒரு டொக்டர் எங்களைக் கொழும்புக்கு அனுப்பினார்.

தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம் அது. கொழும்பு பஸ்ஸில் போகிறவன் பாதித் தூரம் நடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, வரிசையில் நடந்து, மறுபடி ஏற வேண்டும். ஆனால் எங்கள் பஸ்ஸுக்கு ஒரு வசதி இருந்தது. மகள் இருமத் தொடங்கினால் சோதிக்கிறவர்கள் இரண்டு அடி தள்ளி நின்று, பையைத் திறக்காமலே போகச் சொல்லிவிடுவார்கள். பின் சீட்டுக்காரர் ஒருவர் ஒவ்வொரு சாவடிக்கு முன்பும், "புள்ள, இப்ப கொஞ்சம் இருமுகா" என்று கெஞ்சினார்.

கொழும்பில் அவளுடைய கையை வேர்க்கவைத்து, அந்த வேர்வையைத் தாளில் ஒற்றிப் பார்த்தார்கள். பிறகு டொக்டர் கால் மணித்தியாலம் இங்கிலீசில் விளக்கினார். என் இங்கிலீசு மைதானத்து இங்கிலீசு. ரெடி, ஸ்ரெடி, கோ. அதற்கு அப்பால் இருட்டு. ஆனால் பக்கத்தில் மனைவி நிற்கிறாளே. மாஸ்டர் என்ற பெயரும் இருக்கிறதே. "யெஸ் டொக்டர்" என்றேன். ஏழெட்டுத் தரம் சொல்லியிருப்பேன். சிஸ்ரிக் பைப்ரோசிஸ் என்று பெயர் போட்டு ஒரு முழுத் தாள் எழுதித் தந்தார். பிறப்போடு வந்த வருத்தம், சளி பசைபோலக் கட்டி நெஞ்சை அடைக்கும், சுகமாகாது என்பதெல்லாம் விளங்கியது. வேர்வையில் உப்புக் கூட என்பதும் விளங்கியது. மிச்சத்தை நானே விளங்கிக்கொண்டேன்.

அடுத்த அறையில் ஒரு சிங்களப் பெண்மணி இருந்தார். பயிற்சி சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. மகளைத் தலையணையில் குப்புறச் சாய்த்து, உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்து முதுகில் தட்டிக் காட்டினார். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயைத் திறந்து மூச்சைத் தள்ளச் சொன்னார். பிறகு அந்த நீள நடையில் அவளை இரண்டு தரம் ஓடவைத்தார். அவள் மூச்சு வாங்கி, இருமி, பச்சையாக ஒரு கட்டி துப்பினாள். அந்தப் பெண்மணி கை தட்டினார்.

"தினம் ஓடணும், மாஸ்டர். மூச்சு வாங்கணும். இருமல் வரணும். சளி வெளியே, பேபி ஹொந்தாய்" என்றவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மாஸ்டரும் ஓடினா ஹொந்தாய்" என்றார். நல்லது என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி கேட்டாள், "என்ன செல்லுறாரு டொக்டர்?"

"உடம்புல உப்புக் கூடயாம். அதான் வேர்வையால வழியிது. ஓடி வேர்க்க வேர்க்க உப்பு எறங்கும்."

"அப்ப அவட சோத்துக் கறிக்கு உப்புப் போடாம உடயா?"

"போடாத" என்றேன்.

எனக்கு ஏற்கெனவே பிரஷர். என் கறி உப்பில்லாமல் தனிச் சட்டியில்தான் வேகும். எங்கள் ஊரில் நாற்பது தாண்டிய ஆண்களின் வீட்டில் அப்படி ஒரு சட்டி அநேகமாக இருக்கும். அன்றிலிருந்து மகளும் என் சட்டிக்கு வந்துவிட்டாள்.

முதல் நாள் ஓட்டத்தை ஊர் இன்னும் மறந்திருக்காது. சனிக்கிழமை காலை எட்டு மணி. விளையாட்டுப் போட்டிக்கு மட்டும் போடுகிற வெள்ளைக் களிசானை இழுத்துப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். மகள் முன்னால், நான் பின்னால். ஒழுங்கையால் ஓடிப் பெரிய வீதியில் ஏறினோம். அவள் இடையில் நிற்கப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் மைதானத்துக் குரலில் கத்தினேன்.

"ஓடு! நிக்காத, ஓடு!"

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாரும் ஓடுவதில்லை. ஓடினால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். ஓரிரு வருடத்துக்கு முன்புதான் ஊர் உண்மையிலேயே ஓடியிருந்தது. ஓடிய எல்லோரும் திரும்பி வரவில்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடையை மூடும் பலகைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். மீன் விற்கிற ஒருவர் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு என்னோடு சேர்ந்து ஓடினார்.

"மாஸ்டர், எங்க, என்ன நடந்த?"

எனக்குப் பேச மூச்சில்லை. ஒன்றுமில்லை என்று கையைப் பின்பக்கம் வீசினேன். பின்னால் வருகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"பின்னால வாறானுகளாம்!"

அவ்வளவுதான். ஒரு பக்கமாகக் கடைகள் சாத்திக்கொண்டே வந்தன. ஒரு தாய் மூன்று பிள்ளைகளை வேலிக்கு மேலால் எறிவதைப் பார்த்தேன். நாங்கள் ஆமியின் காவல் சென்றியடிக்கு வரும்போது பெரிய வீதியில் நாங்கள் இரண்டு பேர்தான். மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து இரண்டு துவக்குகள் எழும்பின. நான் கையைத் தூக்கினேன். களிசானின் பொத்தான் அந்த நேரம் பார்த்துப் பறந்துவிட்டது. தூக்கிய கையைக் கீழே போடவும் பயம்.

"ஏன் ஓடுறது?" என்றான் ஒரு ஆமிக்காரன்.

"எக்ஸசைஸ்" என்றேன்.

அவன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். நம்பிவிட்டான் என்றே நினைக்கிறேன். ஆனால் மகள் குனிந்து இருமிக்கொண்டிருந்தாள். மணலில் பச்சையாகக் கட்டி கட்டியாக விழுந்தது. கூடவே சிவப்பாக ஒரு நூல். ஆமிக்காரன் துவக்கைத் தாழ்த்தினான்.

"இனி ரோட்டில ஓட வேணாம். ஆஸ்பத்திரி போ" என்றான்.

பகலுக்குப் பிறகுதான் கடைகள் திறந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஒருவர் என் தோளைப் பிடித்துச் சொன்னார், "மாஸ்டர், அடுத்த முறை ஓடுறண்டா முதல் நாளே லவுட்ஸ்பீக்கரில செல்லிருங்க."

ஓடினால் யாரும் பயப்படாத இடம் ஒன்றுதான் இருந்தது. அது கடற்கரை. அங்கே கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு காலை முழுக்க ஓடுவார்கள். அவர்களோடு நாங்களும் ஓடினோம். வலைக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"மாஸ்டர், பின்னால ஒருத்தரும் வரல்ல, மெள்ள ஓடுங்க!"

"இறக்காமக் குளத்து ஆனை தண்ணி குடிக்க வந்திட்டுடா!"

மகள் சிரிப்பாள். விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து முதுகில் தட்டுவேன். பிறகு ஓட்டம். கரையில் வரிசையாக ஏற்றிவைத்த தோணிகள்தான் எங்கள் அளவு. ஒரு மாதத்தில், நிற்காமல் நான்கு தோணி தூரம் ஓடினாள். இரண்டாவது மாதத்தில் ஒன்பது தோணி. நான் மூன்றாவது தோணியிலேயே விழுந்து கிடப்பேன். இருமல் குறைந்தது. கன்னத்தில் நிறம் வந்தது. வாங்கில் ஒரு பிள்ளை வந்து பக்கத்தில் இருந்ததாம். அந்தப் பிள்ளையின் பெயரை வீட்டில் நூறு தரம் சொன்னாள்.

பிறகு கச்சான் காற்று பிறந்தது. எங்கள் பக்கம் கச்சான் வீசினால் காலையிலேயே அனல் அடிக்கும். மகளுக்கு வேர்வை ஊற்றியது. காய்ந்ததும் நெற்றியிலும் கழுத்திலும் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதை விரலால் சுரண்டிக் கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினேன். "பாரு, எப்பிடி எறங்கிது!" உற்சாகத்தில் பின்னேரமும் ஓடவைத்தேன்.

அவள் உப்புத் திருடத் தொடங்கினாள். குசினியில் உப்புச் சாடி திறந்து கிடக்கும். கடற்கரையில் ஓலையில் காயப்போட்ட சூடைக் கருவாட்டை, ஓடுகிற ஓட்டத்தில் குனிந்து எடுத்து வாயில் வைத்து உறிஞ்சுவாள். ஒரு நாள் கண்டுவிட்டேன். எல்லோருக்கும் முன்னால் கையில் அடித்தேன். கருவாட்டைப் பறித்து எறிந்தேன்.

"உடுங்க மாஸ்டர், ஒரு சூடைக்கு நான் வழக்கா போடப்போறன்? தின்னட்டும்" என்றார் கருவாட்டுக்காரர்.

"ஒங்களுக்குத் தெரியா. இது உப்பு வருத்தம்" என்றேன் நான், டொக்டர் மாதிரி.

அவள் அழவில்லை. கையைத் தடவிக்கொண்டு, அடிபட்ட இடத்தை நக்கினாள். அதில் கொஞ்சம் உப்பு ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

நாலைந்து நாள் கழித்து, ஓடும்போது சொன்னாள், "வாப்பா, காலு இழுக்கிது."

"இழுக்கும். ஓடு."

"வயித்தப் பொரட்டுது, சத்தி வாற மாதிரி இரிக்கி."

"அந்தத் தோணி மட்டும்."

அந்தத் தோணிவரை ஓடினாள். நான் சொன்னதால் ஓடினாள். தோணியைத் தொட்டுவிட்டு மடங்கி விழுந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. வலைக்காரர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து தூக்கினார்கள். அன்று அந்த வலை யாரும் இழுக்காமல் கடலில் கிடந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பெரிய வீதியால் ஓடியபோது மறுபடி கடைகள் சாத்தின. இந்த முறை சரியான காரணத்துக்காக.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் காரைதீவுப் பக்கத்து இளம் டொக்டர். சேலைன் ஏற்றிவிட்டு, மனைவி ஓடிப்போய் எடுத்துவந்த கொழும்புத் தாளை வாசித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"சேர், சாப்பாட்டில உப்புக் கூடக் குடுக்கச் சொல்லியெல்லோ எழுதியிருக்கு. வெயில் காலத்தில இன்னும் கூட. ஓடுற நாளில உப்புத் தண்ணி குடுக்கச் சொல்லியும் இருக்கு. வாசிக்கேல்லையா?"

"வாசிச்சன்" என்றேன். அந்த நேரத்திலும் பொய் சொன்னேன்.

உடம்பில் உப்புக் கூடி வழியவில்லை. உப்பைப் பிடித்துவைக்கத் தெரியாத உடம்பு, வேர்வையோடு கொட்டிக்கொண்டே இருக்கிறது. நான் உள்ளே போகிற வழியை அடைத்துவிட்டு, வெளியே போகிற வழியை அகலத் திறந்துவிட்டிருக்கிறேன். இதை அவர் எனக்குத் தமிழில் சொன்னார். எடுத்தது இரண்டு நிமிடம்.

மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். சேலைன் சொட்டுவதைப் பார்த்தபடி கேட்டாள், "டொக்டர், இவக்கு முதல் ரெண்டு ஆம்புளப் புள்ள மௌத்தாப் போன. ரெண்டும் கச்சான் காலத்துல. அதுகளும் இந்த உப்பு இல்லாமத்தானா போன?"

டொக்டர் சின்ன வயதுக்காரர். தாளை மடித்தார், திரும்ப விரித்தார்.

"அது இப்ப சொல்லேலாது அக்கா" என்றார்.

பகிடி சொல்லி எந்த இடத்திலிருந்தும் தப்பிப் பழகியவன் நான். அன்று குனிந்து, மகளின் காலில் ஒட்டியிருந்த கடல் மணலைத் தட்டிவிட்டேன்.

மகள் நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். மனைவி என்னைத் திட்டவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. வெளியே போ என்று அவள் சொல்லியிருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவன் நான்தான். அவள் அதையும் சொல்லவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓர் இங்கிலீசு மாஸ்டரின் வீட்டுக்குப் போனாள். வரிவரியாகத் தமிழில் எழுதுவித்துக் கொண்டுவந்து அலுமாரிக் கதவில் ஒட்டினாள். அதன் பிறகு மகளின் வருத்தத்தைப் பற்றி என்னிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. அலுமாரியைத்தான் கேட்டாள்.

அலுமாரியும் ஓடத்தான் சொன்னது. வெயில் ஏறுவதற்கு முன்பு, உப்புப் போட்ட கஞ்சி குடித்துவிட்டு, மறுபடி கடற்கரைக்குப் போனோம். கருவாட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் ஒரு கருவாட்டைத் தனியே எடுத்துவைத்திருப்பார். என் பக்கம் திரும்பாமலே மகளின் கையில் வைப்பார்.

அப்படி மூன்று வருடங்கள் கிடைத்தன. நல்ல வருடங்கள் என்று சொல்ல மாட்டேன். மாரியில் இரண்டு தரமாவது ஆஸ்பத்திரி. கொழும்புப் பாதை மூடினால் மருந்தில்லை. ஆனால் அவள் ஓடினாள். பதின்மூன்று வயதில் பெரிய பிள்ளையானதும் ஊர் கதைக்கத் தொடங்கியது. ஒரு உறவுக்காரப் பெண் வீட்டுக்கே வந்து கேட்டாள், "குமர்ப் புள்ளைய கடற்கரையில ஓட உடுறயா?"

"ஓடாட்டி மௌத்து" என்றாள் மனைவி. "ஒங்கட வளவு பெரிசுதானே ராத்தா. அங்க கொண்டுவந்து ஓட்டவா?"

வந்தவள் தேத்தண்ணியை முடிக்காமல் போய்விட்டாள். ஆனாலும் அதற்குப் பிறகு எங்கள் வளவுக்குள்தான் ஓட்டம். கிடுகு வேலிக்குள் மூன்று தென்னைகளைச் சுற்றி வட்டம். முதலில் முப்பது வட்டம். அடுத்த மாரிக்குப் பிறகு இருபது. அதற்கு அடுத்த கச்சானில் எட்டு. வட்டத்தை நான் எண்ணுவேன், குறைத்து எண்ண மாட்டேன், கூட்டுவேன். அவள் களைத்து நின்றால் நாலு வட்டத்தை ஐந்து என்பேன். "வாப்பாக்குக் கணக்கும் தெரியா" என்பாள்.

கடைசியாகக் கொழும்புக்குப் போனபோது அவளுக்குப் பதினைந்து வயது. ஊதிப் பார்க்கிற குழாயில் அந்தப் பெண்மணி மூன்று தரம் ஊதச் சொன்னார். முள் அசைந்து அசைந்து கீழேயே நின்றது.

"பேபி இப்பவும் ஓடுறதா?"

"ஓம் மிஸ், ஒவ்வொரு நாளும்" என்றேன் நான்.

"இல்ல மிஸ், வாப்பாதான் ஓடுற. நான் கதிரையில இருந்து எண்ணுறன்" என்றாள் மகள்.

அந்தப் பெண்மணி சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திக்கொண்டார்.

அது உண்மை. அவளால் முற்றத்துக்கு இறங்க முடியாமல் போன பிறகு நான் மட்டும் ஓடினேன். என் ஓட்டம் அவளுக்குச் சிரிப்பு. சிரித்தால் இருமல் வரும், இருமினால் சளி கழலும். எட்டு வட்டம் ஓடிக் கழலாத சளி, நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தால் கழலும். இதைக் கண்டுபிடித்த பிறகு நான் வேண்டுமென்றே விழுந்தேன். பாடசாலை அதிபரைப்போல் நடந்தேன், ஆடு துரத்த ஓடினேன், பழைய வெள்ளைக் களிசானைப் போட்டுக்கொண்டு வந்து சென்றிக்காரனுக்குக் கையைத் தூக்கினேன். வேலிக்கு வெளியே போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மாஸ்டருக்குப் பிரஷர் தலைக்கு ஏறிவிட்டது என்று ஊரில் கதை. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிய இருமுவாள். மனைவி சிரட்டையைப் பிடிப்பாள். சிரட்டையில் விழுவதைப் பார்த்து மூன்று பேரும் சந்தோஷப்படுவோம். எங்கள் சந்தோஷம் அந்த அளவில்தான் இருந்தது.

அந்த மாரியில் ஒரு நாள், பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, ஆடாக வந்தேன். கட்டிலடியில் நின்று மே என்றேன். அவள் கையை உயர்த்தினாள்.

"வாணாம் வாப்பா. சிரிச்சா நோகுது."

"அப்ப என்ன செய்ய?"

"சும்மா இரிங்க."

சும்மா இருப்பது எனக்குத் தெரியாத வேலை. கட்டிலில் ஏறி, அவளை என் மடியில் சாய்த்து முதுகில் தட்டத் தொடங்கினேன். மேலே கொஞ்சம், விலாவில் கொஞ்சம், மறுபக்கம் திருப்பி அங்கே கொஞ்சம். ஆறு வருடம் தட்டிய கை, எங்கே தட்ட வேண்டும் என்று அதற்கே தெரியும். வெளியே மழை. உள்ளே சளி கரகரப்பது என் தொடையில் அதிர்ந்தது. இரண்டு தரம் இருமினாள். பிறகு இருமவில்லை. தூங்குகிறாள், இந்த நேரத்தில்தான் சளி இளகும் என்று விடாமல் தட்டினேன்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகளின் மூக்குக்கு நேரே கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தட்டின காணும். உடுங்க."

"சளி இன்னும் கிடக்கு" என்றேன்.

"கிடக்கட்டும்" என்றாள்.